தோல் துணுக்கு உரைத்த செய்தி

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு, வேலூர் என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. வீட்டில் ஒருவருக்கு நோய் முற்றி, உள்ளூர் வைத்தியம் பயன்படாமற் போனால், "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்பதே அடுத்த சொல்லாக வரும். சித்தூரிலிருந்து பேருந்து, திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு இரயில். அங்கே மருத்துவர், நோயுற்ற இடத்திலிருந்து பருப்பளவு தோலையோ தசையையோ வெட்டியெடுத்து, "பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறோம், சில நாள் கழித்து வாருங்கள்" என்பார். நாமும் சத்திரத்தில் தங்கிக் காத்திருப்போம். அந்தத் துணுக்கு எங்கே செல்கிறது, அதனிடம் யார் என்ன வினவுகின்றனர், அது என்ன விடை பகர்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அத்துணுக்கின் வரலாற்றையே இவ்வாண்டு மலரில் கூற விழைகின்றோம். எல்லா நோய்களையும் எடுத்துப் பேசினால் கட்டுரை காடாகிவிடும். ஆதலின், நம் வட்டாரத்தோடு நெடுங்காலம் ஒட்டியிருந்ததும், இன்றும் வீடுகளில் வாய்விட்டுப் பேசக் கூசுவதுமாகிய ஒரு நோயை எடுத்துக்கொள்கின்றோம். அதுவே தொழுநோய். அந்நோயால் தாக்குண்ட ஒரு சிறு தோல், ஆர்.என்.ஏ. என்னும் பொருளின் துணையால் 1989-ஆம் ஆண்டில் வாய் திறந்து பேசிய செய்தி, நம் வீட்டுப் பெரியோர் முதல் சிறுவர் வரை யாவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

வடஆர்க்காட்டின் பழைய துயர்

1911-ஆம் ஆண்டுக்கு முன்னர் வேலூரும் சித்தூரும் ஒரே வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் தலைநகரம் சித்தூராகவே இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960-இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடுகள் மாறின. ஆனால் நோய் எல்லைக் கோட்டை அறியாது. பாலாற்றங்கரையிலும் பொன்னையாற்றங்கரையிலும் வாழ்ந்த தமிழரையும் தெலுங்கரையும் தொழுநோய் ஒரே வகையாகத்தான் வருத்தியது. திருமலை யாத்திரிகர் செல்லும் வழியில் விரலிழந்த கைகளை நீட்டி நின்றோரை நம் முதியோர் பலர் கண்டிருப்பர். அவர்களுள் பெரும்பாலோர் பிறவிப் பிச்சைக்காரர் அல்லர். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட தந்தையரும் தாய்மாரும் ஆவர்.

இத்துயரைத் துடைக்க நம் பக்கத்திலேயே பெருமுயற்சிகள் நிகழ்ந்தன. டாக்டர் இராபர்ட் காக்ரேன், செங்கற்பட்டில் சல்ஃபோன் மருந்தைத் தொழுநோயாளருக்கு 1940-களில் கொடுத்துப் பயன் கண்டார். அதுகாறும் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டது நீரடிமுத்து இனத்து எண்ணெயே. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை வகுத்தார். 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் ஊழியர் குடியாத்தம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று நோயைத் தேடினர். விரல் அழுகி உதிர்வதில்லை என்பதையும், உணர்ச்சி அற்றுப்போனமையால் தீயும் முள்ளும் உறுத்துவது தெரியாமல் புண்பட்டுத் தேய்கின்றது என்பதையும் உலகுக்கு அழுத்தந்திருத்தமாக எடுத்துக்காட்டியவர் பால் பிராண்டு ஆவார். நோயின் கொடுமையில் ஒரு பாதி நரம்பில் இருக்கின்றது என்னும் இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். கட்டுரையின் முடிவில் இது மீண்டும் வரும்.

ஒரே கிருமி, இரு வேறு நோய்

1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் ஆர்மௌவர் ஹான்சன் என்பார், நோயாளியின் திசுவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கிக் கோல் வடிவான கிருமியைக் கண்டார். அக்காலத்தில் இந்நோய் குலவழி வருவது என்பதே அறிஞர் கொள்கை. அக்கொள்கையை நிலைநாட்டியவர்களுள் ஒருவரான டேனியல்சன் ஹான்சனுடைய மாமனாரேயாவார்! மாமனார் குலவழி என்றார். மருமகன் கிருமிவழி என்றார். மருமகன் கூற்றே மெய்யாயிற்று.

கிருமி கிடைத்துவிட்டது, ஆனால் புதிர் அவிழவில்லை. ஒரு நோயாளிக்கு உடம்பில் வெளுத்த தேமல் ஒன்றோ இரண்டோ தோன்றும். அவ்விடத்தில் ஊசியாற் குத்தினாலும் உணர்ச்சி இராது. அத்தோலை எடுத்துப் பார்த்தால் கிருமியைக் காண்பதே அரிது. இன்னொருவருக்கோ முகமும் காதும் தடித்து, புருவம் உதிர்ந்து, உடல் முழுதும் நோய் பரவும். அவருடைய தோலில் கோடிக்கணக்கான கிருமிகள் மொய்த்துக் கிடக்கும். இருவரையும் தாக்கிய கிருமி ஒன்றே. ஒரே வீட்டில், ஒரே பாயில் உறங்கிய அண்ணன் தம்பியரிடையே கூட இவ்வேறுபாடு காணப்படுவதுண்டு. ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இரு மருத்துவர் 1966-இல் இவ்விரு கோடிகளுக்கும் இடையே ஐந்து படிகள் வகுத்து நோயை வகைப்படுத்தினர். அவ்வகைப்பாடே இன்றும் ஆராய்ச்சியாளர் கையாள்வது. ஆயினும் வகைப்படுத்துவது வேறு, காரணம் காண்பது வேறு. உருப்பெருக்கி எங்கே எவ்வணு நிற்கிறது என்பதைக் காட்டும். அவ்வணு அங்கு நின்று என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. கூட்டத்தைப் புகைப்படம் எடுத்தால் முகங்கள் தெரியும். யார் என்ன பேசினர் என்பது தெரியுமோ?

இதற்கு மேலும் ஓர் இடர் இருந்தது. தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்க இன்றளவும் எவராலும் இயலவில்லை. 1960-இல் ஷெப்பர்டு என்பார் சுண்டெலியின் பாதத்தில் அதனை வளர்த்தார். 1971-இல் அமெரிக்க நாட்டு ஆர்மடில்லோ என்னும் செதிள் விலங்கில் அது நன்கு பெருகுவது கண்டறியப்பட்டது. அக்கிருமி ஒரு முறை இரட்டிக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஆகவே, நோயின் மறைபொருளை அறிய வேண்டுமாயின் நோயாளியின் தோலையே கேட்க வேண்டும். வேறு வழி இல்லை.

மூலப் பத்திரமும் நகலும்

தோலைக் கேட்கும் மொழி யாது? இதனை விளங்கிக்கொள்ள, பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டியவர் வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்துச் சென்று காரியம் பார்க்கின்றனர். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூலப் பதிவேடு உட்கருவில் பூட்டிக் கிடக்கின்றது. அதிலுள்ள ஒவ்வொரு பத்திரமும் ஒரு மரபணு. கண்ணிலுள்ள அணுவுக்கும் கல்லீரலிலுள்ள அணுவுக்கும் பதிவேடு ஒன்றே. ஆனால் எந்தப் பத்திரத்துக்கு எப்போது நகல் எடுக்கப்படுகின்றது என்பதில்தான் வேறுபாடு. அந்த நகலே ஆர்.என்.ஏ. ஆகும். செய்தி தாங்கும் இந்த நகலின் இயல்பு 1961-இல் தெளிவாயிற்று. நகல் எடுக்கப்படுவதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். நோய் வந்தபோது ஓர் அணு எந்த நகலை எடுக்கின்றதோ, அதுவே அவ்வணு அப்போது செய்யும் தொழில்.

2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் சொல் நம் காலனிக் குழந்தைகளின் வாயிலும் புகுந்தது. திருப்பதி சுவிம்ஸ் மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலும் அச்சோதனை நடைபெற்றது. மூக்கிலிருந்து எடுத்த பொருளில் வைரசின் ஆர்.என்.ஏ. உண்டா என்று தேடுவதே அது. ஆனால் அம்முறையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்துத்தான் ஆராய்வர். நம் காலனியில் நூறு வீடுகள் உள்ளன என்று கொள்வோம். மின்வாரியத்தாரின் ஒரே கணக்கைப் பார்த்தால், இன்றிரவு மொத்தம் இவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பது தெரியும். எந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்பது தெரியாது. தெருவில் நடந்து பார்த்தாலன்றோ அது தெரியும்? நோயுற்ற திசுவில் அவ்வாறு தெருத் தெருவாக நடந்து, எந்த அணுவில் எந்த நகல் இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஏற்பட்டதே ஆர்.என்.ஏ. துருவி. ஆங்கிலத்தில் இதனைப் 'புரோப்' என்பர். நாம் துருவி என்கின்றோம். தேங்காய்த் துருவி அன்று. துருவித் துருவித் தேடுவது.

துருவி பிறந்த கதை

ஆர்.என்.ஏ.வின் எழுத்துக்கள் நான்கு: அடினின், யுராசில், குவானின், சைட்டோசின். அடினின் யுராசிலோடும், குவானின் சைட்டோசினோடும் மட்டுமே கைகோக்கும். ஆகவே, ஒரு நகலின் எழுத்து வரிசைக்கு நேர் இணையான மாற்று வரிசை ஒன்றைச் செய்து விட்டால், அஃது ஆயிரமாயிரம் நகல்களுக்கிடையே தன் துணையை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும். அச்சும் அதில் வார்த்த பொம்மையும் போல இரண்டும் பொருந்தும். அந்த மாற்று வரிசையில் ஓர் அடையாளத்தை ஏற்றி விட்டால், அது பற்றிய இடம் நம் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வெண்ணத்தை 1969-இல் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கால், மேரி லூ பார்டியூ என்னும் இருவர் செய்து காட்டினர். தவளை இனத்தின் முட்டை அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கதிரியக்கமுள்ள ஆர்.என்.ஏ.வை அதன் மேல் இட்டு, புகைப்படப் பூச்சால் மூடி இருளில் வைத்தனர். ஆர்.என்.ஏ. பற்றிய இடங்களில் எல்லாம் கரிய வெள்ளித் துகள்கள் தோன்றின. பார்டியூ அம்மையார் அப்போது கால் அவர்களின் மாணவி என்பது நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்து மகிழத்தக்கது.

ஆயினும் வேண்டிய மரபணுவுக்கு வேண்டிய அளவு துருவி செய்வது எளிதாக இருக்கவில்லை. 1984-இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டனும் அவருடைய தோழரும் அத்தடையை நீக்கினர். கிருமிகளைத் தாக்கும் எஸ்.பி.6 என்னும் நுண்வைரசிலிருந்து ஒரு நொதியை எடுத்துக்கொண்டு, எந்த மரபணுவுக்கும் மாற்று வரிசை ஆர்.என்.ஏ.வை ஒரு சோதனைக் குழாயிலேயே மிகுதியாகச் செய்யலாம் என்று காட்டினர். அன்று முதல் ஆர்.என்.ஏ. துருவி உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருவழக்காயிற்று.

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். வெட்டியெடுத்த தோலைப் பதப்படுத்தி, மெழுகில் அமிழ்த்தியோ உறைய வைத்தோ, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவர். அச்சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் துருவியை ஊற்றி, இளஞ்சூட்டில் இரவு முழுதும் வைப்பர். ஆர்.என்.ஏ. மிக மென்மையானது. அதனை அழிக்கும் நொதி நம் விரல்நுனி வியர்வையிலேயே உண்டு. ஆகவே கையுறை இன்றித் தொடமாட்டார்கள். கண்ணாடிக் கலங்களை உயர்ந்த சூட்டில் வாட்டியே பயன்படுத்துவர். ஆனால் பாருங்கள், அதே பகைவனையே பின்னர் ஏவலனாக்கிக் கொள்கின்றனர்! துருவி தன் துணையைப் பற்றியபின் இரட்டை இழையாகிவிடும். இரட்டை இழையை ஒரு வகை நொதி தின்னாது. எங்கும் பற்றாமல் ஒற்றையாய் ஒட்டிக் கிடப்பதை மட்டும் அது தின்று தீர்த்துவிடும். எனவே எஞ்சியிருப்பது உண்மையான பற்று மட்டுமே. இதன் மேலும் ஐயம் தீர, நகலைப் பற்ற இயலாத நேர் வரிசைத் துருவி ஒன்றைப் பக்கத்துச் சீவலில் இடுவர். அங்கும் அடையாளம் தோன்றினால் முழுச் சோதனையையும் ஒதுக்கிவிடுவர். பொய்ச்சாட்சியைக் கண்டுபிடிக்க இது நல்ல உபாயமன்றோ?

தொடக்கத்தில் கதிரியக்கக் கந்தகத்தையே அடையாளமாக ஏற்றினர். தகடுகளை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இருட்டில் வைத்துக் காத்திருந்தனர். பின்னர், டிஜிட்டாலிஸ் என்னும் பூஞ்செடி தரும் டிஜாக்சிஜெனின் என்ற பொருளை ஏற்றி, நிறம் தோன்றச் செய்யும் முறை வந்தது. கதிரியக்க அச்சமும் நீண்ட காத்திருப்பும் நீங்கின.

துணுக்கு வாய் திறந்தது

இக்கருவி கைக்கு வந்தபின், தொழுநோயின் பழைய புதிரைத் தீர்க்க அதனை ஏவினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொழுநோயாளரைக் கவனித்துவந்த தாமஸ் ரே, இராபர்ட் மாட்லின் ஆகியோரும், நியூயார்க்கின் பாரி புளூம், ஸ்டான்போர்டின் எர்விங் வைஸ்மன் ஆகியோரும் வேறு பலரும் கூடி நடத்திய ஆராய்ச்சி 1989-இல் வெளியாயிற்று. அவர்கள் கேட்ட கேள்வி எளியது: காமா இன்டர்ஃபெரான் என்னும் பொருளுக்கு நகல் எடுக்கும் அணுக்கள் இத்தோலில் உண்டா? எங்கே? எத்தனை?

காமா இன்டர்ஃபெரான் என்பது போர்முரசு போன்றது. உடலின் காவலணுக்களான டி அணுக்கள் அதனை வெளியிட்டால், கிருமியை விழுங்கி வைத்துக்கொண்டு செயலற்றுக் கிடக்கும் விழுங்கணுக்கள் விழித்தெழுந்து அக்கிருமியைக் கொல்லும். துருவி கூறிய விடை இதுதான். தேமல் ஒன்றிரண்டு மட்டுமே தோன்றும் வகையில் முரசடிக்கும் அணுக்கள் மிகுதி. கிருமி மொய்த்த வகையில் அத்தகைய அணுக்கள் மிக அரிது. அங்கும் காவலணுக்கள் நின்றன. ஆனால் முரசு ஒலிக்கவில்லை. அடுத்து 1991-இல் அதே குழுவினரைச் சேர்ந்தோர் பி.சி.ஆர். முறையால் வேறு பல நகல்களையும் தேடினர். கிருமி மொய்த்த தோலில், போரை அடக்கும் வேறு கட்டளைகள் ஒலிப்பதைக் கண்டனர்.

ஆக, நூறாண்டுப் புதிருக்கு ஒரு பெரும்பங்கு விடை கிடைத்தது. ஒரே கிருமி இருவரிடம் இரு வேறு நோயாக வருவது, அவர் செய்த பாவத்தாலும் அன்று. முன்னோர் சாபத்தாலும் அன்று. ஒழுக்கக் கேட்டாலும் அன்று. அவரவர் உடலின் காவலணுக்கள் எந்தப் பத்திரத்துக்கு நகல் எடுக்கின்றன என்பதே அதனை முடிவு செய்கின்றது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமி உடம்பிற் புகுந்தாலும் நோயே வருவதில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டியது. அதுவே நம் குடும்பங்களுக்கு மிக வேண்டியது. மருந்து உண்ணத் தொடங்கிய சில நோயாளிகளுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ, ஆறிவந்த தேமல் திடீரெனச் சிவந்து வீங்கும். நரம்பு தடித்து வலிக்கும். கையோ காலோ சோரும். மருத்துவர் இதனை 'ரியாக்‌ஷன்' என்பர். அந்தத் தோலில் துருவியை இட்டபோது முரசடிக்கும் அணுக்கள் பன்மடங்கு பெருகியிருப்பது தெரிந்தது. அதாவது, உறங்கிய காவல் விழித்தெழுந்து கிருமியைத் தாக்குகின்றது. கிருமி தங்கியிருந்த நரம்பும் அப்போரில் அடிபடுகின்றது. நோயாளியோ, "மருந்தே நம்மைக் கெடுத்தது" என்று எண்ணி மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் முடங்கிவிடுகிறார். அந்தச் சில வாரங்களில் தான் விரல் மடங்குகின்றது, பாதம் தொய்கின்றது, கண் மூடாமற் போகின்றது. அவர் செய்யவேண்டியதோ நேர் மாறானது: கிருமிக்குரிய மருந்தை விடாமல் உண்டு, உடனே மருத்துவரிடம் சென்று வீக்கத்தை அடக்கும் மருந்தையும் பெற வேண்டும். தக்க காலத்தில் சென்றால் நரம்பைக் காக்க வழி உண்டு. பால் பிராண்டு கத்தியெடுத்து நிமிர்த்திய விரல்கள், மடங்காமலே இருந்திருக்கக்கூடிய விரல்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய கிருமி

இதுகாறும் மனித அணுக்களின் நகலைப் பற்றிப் பேசினோம். கிருமிக்கும் நகல் உண்டு. 2001-ஆம் ஆண்டில் தொழுநோய்க் கிருமியின் மூலப் பதிவேடு முழுவதையும் ஸ்டூவர்ட் கோல் என்பாரும் அவர் துணைவரும் பிரான்சு, இங்கிலாந்து நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டனர். ஏறக்குறைய 32 லட்சத்து 68 ஆயிரம் எழுத்துக்கள். அதில் வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600. செல்லரித்த ஓலைபோல் பழுதாகிக் கிடப்பவை 1,100-க்கு மேல். தன் மரபணுக்களுள் இத்துணையை இழந்துவிட்டமையாலேயே அது கண்ணாடித் தட்டில் வாழமாட்டாமல் மனித உடலையே சார்ந்து கிடக்கின்றது என்பர் அறிஞர்.

அப்பதிவேடு எந்தக் கிருமியினுடையது தெரியுமா? அதற்கு இட்ட பெயர் 'டி.என்.' தமிழ்நாடு என்பதன் சுருக்கமே அது. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரின் உடலிலிருந்து பெற்ற கிருமியை ஆர்மடில்லோவில் பெருக்கி, அதிலிருந்தே இவ்வேடு படிக்கப்பட்டது. உலகில் எந்த நாட்டார் தொழுநோயை ஆராய்ந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கும் ஏடு அந்தத் தமிழர் ஈந்த துணுக்கிலிருந்து வந்ததே. தம் துணுக்கு கடல் கடந்து செய்த பணியை அவர் அறிந்திருப்பாரோ என்னவோ! ஊரார் அருகில் வர அஞ்சிய ஓர் உடல், உலகத்துக்கே ஏடாயிற்று. இதனினும் பெரிய கொடை யாது?

கிருமியின் ஆர்.என்.ஏ.வைத் துருவியால் தேடும் பணி நம் நாட்டிலும் நடைபெற்றது. ஆக்ராவில் உள்ள ஜால்மா நிலையம், ஜப்பானியர் உதவியால் தோன்றி, 1976-இல் இந்திய அரசின் பொறுப்பில் வந்தது. அங்கே டாக்டர் வி. எம். கடோச்சும் உடன் உழைத்தோரும் கிருமியின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைத் தேடும் முறைகளை வகுத்தனர். ஒரு கிருமியில் மூலப் பதிவு ஒன்றே இருப்பினும், இவ்வகை ஆர்.என்.ஏ. மிகப் பல பிரதிகளாக இருக்கும். ஆகவே உருப்பெருக்கிக்குத் தப்பும் கிருமியும் துருவிக்குத் தப்புவது கடினம். மேலும் கிருமி செத்தபின் ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். எனவே ஆர்.என்.ஏ.வின் இருப்பைக் கொண்டு, தோலில் கிடப்பது உயிருள்ள கிருமியா, மருந்தால் மாண்ட கிருமியின் சடலமா என்று ஆராயவும் வழி பிறந்தது. குறி தெளிவாகத் தோன்றாத தொடக்க நோயை, சிறப்பாகக் குழந்தைகளிடம், திசுவைக் கொண்டு உறுதி செய்யும் முயற்சிகளும் அங்கே நிகழ்ந்தன.

இம்முறை தொழுநோயோடு நின்றுவிடவில்லை. நிணநீர்க் கட்டிகளில் சில, எப்ஸ்டீன்–பார் என்னும் வைரசோடு தொடர்புடையவை. அவ்வைரசு தன் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றை ஓர் அணுவில் பத்து லட்சம் வரையும் குவிக்கும். இன்று பெரிய மருத்துவமனைகளின் நோய்க்கூறியல் பகுதிகளில் அதனைத் துருவியால் தேடுவது வழக்கமான சோதனையாகிவிட்டது. வேலூரிலோ சென்னையிலோ நம் உறவினர் ஒருவரின் கழுத்துக் கட்டியை வெட்டியனுப்பி, அறிக்கையில் 'ஈபர்' என்னும் சொல் காணப்பட்டால், அது 1969-இல் தவளை முட்டையில் தொடங்கிய கதையின் தொடர்ச்சி என்று அறிந்துகொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கது

தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. 1995 முதல் அம்மருந்து உலகெங்கும் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆறு திங்களோ ஓராண்டோ உண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடும். 2005-இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவர்க்கும் குறைவு என்னும் நிலையை நம் நாடு எய்தியது. ஆனால் நோய் அறவே ஒழிந்தது என்பது அதன் பொருளன்று. 2022-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக நோயுற்றோராகக் கண்டறியப்பட்டனர்.

சட்டமும் மெல்ல மனம் மாறியது. நோயுற்றோரை அடைத்து வைக்க வகை செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்றிருந்த விதியை 2019-இல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய இழிவு, நம் வீட்டுத் திண்ணையிலிருந்து நீங்கிற்றா என்பதே கேள்வி.

பெண் பார்க்கும் பருவத்தில் மகளின் முதுகில் ஒரு தேமல் தோன்றினால், அதனைப் புடவைத் தலைப்பால் மறைத்துவைத்து, "வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்" என்று அஞ்சும் தாய்மார் நம்மிடையே இல்லை என்று சொல்ல இயலுமா? தேமல் எல்லாம் தொழுநோய் அன்று. ஆனால் உணர்ச்சியற்ற தேமலை ஒரு நாளும் மறைத்துவைத்தல் ஆகாது. ஒரு பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தாலே முதல் ஐயம் தெளியும். மறைத்த ஒவ்வொரு திங்களும் நரம்பின் கணக்கில் எழுதப்படுகின்றது. உடம்புக்குள் நிகழ்வது காவலணுக்களின் போரேயன்றிக் கடவுளின் தண்டனை அன்று என்பதைத் தோல் துணுக்கே வாய் திறந்து உரைத்துவிட்டது. அதன் பிறகும் நாம் நாணுவது எதற்கு?

அடுத்த முறை காட்பாடிக்கு இரயில் ஏறும்போது, நம் கையில் உள்ள சிறு சீட்டை மட்டும் எண்ணாமல், நமக்கு முன்னே அதே வழியில் சென்று தம் தோலின் துணுக்கைத் தந்துவிட்டுப் பெயரின்றி மறைந்த அன்பர்களையும் எண்ணுவோமாக. அவர்கள் தந்ததை நாம் கற்றுக்கொள்வதும், கற்றதைப் பக்கத்து வீட்டாருக்கு அச்சமின்றிச் சொல்வதுமே அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன். அக்கடனை நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் மனமுவந்து செலுத்துமென நம்புகின்றோம்.